குழியை மூடினாற் போதுமா?

கடன்பட்டவன் பணத்தைத் திருப்பிக் கொடாவிடின் அவனை நீதிமன்றத்தில் நிறுத்தச் சட்டம் உண்டு. மண்ணைக் கடனாகப் பெற்று, அதன் வயிற்றைக் கீறி, மாணிக்கத்தையும் கல்லையும் வாரிச் சென்றவன் மண்ணைத் திருப்பிக் கொடாவிடின் என் செய்வது? கட்டிய வைப்புப் பணத்தை அவன் இழந்தால் கணக்குத் தீர்ந்ததாகுமா? ஒருபோதும் ஆகாது என்கிறோம் நாம்.

மாத்தளை மாவட்டத்து மக்களுக்கு இது ஏட்டு வழக்கன்று. ஓவலவிலும் கைக்காவலவிலும் பெல்ஸ்பாரும் குவாட்ஸும் வெட்டியெடுக்கப்பட்டன. அம்பன் கங்கை, களு கங்கைப் பள்ளத்தாக்குகளில், மாத்தளை பொலன்னறுவை எல்லையோரமாக, எலஹெர இரத்தினக்கல் வயல் பரந்து கிடக்கிறது. நீலக்கல் அங்கிருந்து உலகச் சந்தைக்குப் போயிற்று; குழி ஊரவனுக்கு எஞ்சிற்று. மழைநீர் தேங்கிய அக்குழிகளில் நுளம்பு பெருகி மலேரியாவைப் பரப்பியதை எலஹெரவில் நடந்த ஆய்வுகளே காட்டின. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென்று அறிவிக்கப்பட்டது. நோய் நீங்கியது, குழி தானாக நீங்குமா? இருளில் வரும் எருமைக்கும் யானைக்கன்றுக்கும் அது இன்னும் படுகுழியே.

சட்டம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டம் இருக்கிறது. 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கத் தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. அகழ்ந்த நிலத்தைச் சீர்செய்யும் கடமை உண்டு. அதற்கு ஈடாக வைப்புப் பணமும் உண்டு. ஆனால் சீர்செய்யும் செலவிலும் வைப்புப் பணம் குறைந்திருப்பின், அதனை இழப்பதே அனுமதிக்காரனுக்கு இலாபம். அவ்வேளையில் அது ஈடன்று. நிலத்தைப் பாழாக்குவதற்கு அரசாங்கம் விதித்த மலிவான கட்டணம்!

இனி, குழியை மூடுவது வேறு, நிலத்தை மீட்பது வேறு. மேல்மண்ணைத் தனியே குவித்துக் காத்து, இறுதியில் மேலேயே பரப்பவேண்டும். அடியில் கிடந்த மணலும் பரலும் மேலே வர, விளைமண் அடியிற் புதைந்தால் அங்கே புல் முளைக்குமா? பின்னர் உண்ணிச்செடி படரும். தூரத்தே நின்று பார்க்கும் அதிகாரிக்கு அது பசுமை. தின்னும் மாட்டுக்கோ நஞ்சு. சரிவைத் தணித்து, நீரோட்டத்தை நெறிப்படுத்தி, புல்லும் பயற்றினச் செடியும் இட்டு, வேர் பிடிக்கும்வரை மேய்ச்சலைத் தடுத்து வைத்தாலன்றி நிலம் மீளாது.

“நடவாத காரியம்” என்பார் சிலர். புத்தளத்து அறுவக்காட்டுக்குச் செல்லட்டும். வில்பத்துவை அடுத்துச் சீமெந்துக்காகச் சுண்ணக்கல் வெட்டிய நிலத்தில் உலர்வலயக் காட்டு மரங்கள் நடப்பட்டன. நெய்வேலியைப் பார்க்கட்டும். நிலமிழந்த உழவரின் குறைகள் அங்கே தீர்ந்தன என்று நாம் கூறவில்லை. ஆயினும் நிலக்கரிச் சுரங்கம் கக்கிய மண்மேட்டில் மரமும் பயிரும் வளர்க்க முடிந்தது. அங்கே முடிந்தது மாத்தளையில் முடியாதா?

இதில் வனவிலங்குக்கும் மாட்டுக்கும் பகையில்லை. வஸ்கமுவவை ஒட்டிய, யானை நடமாடும் நிலங்கள் புல்வெளியாகவும் நீர்நிலையாகவும் காட்டுக்கே மீளட்டும். ஊரையும் தோட்டத்தையும் அடுத்தவை பொது மேய்ச்சல் தரையாகட்டும். 2023ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 470க்கும் மேற்பட்ட யானைகள் மாண்டன. மேய இடமற்ற யானை உழவனின் வயலுக்கு வராமல் வேறெங்கே போகும்? சொந்த நிலமே இல்லாத லயத்துக் குடும்பம் தன் ஒற்றைப் பசுவை எங்கே கட்டும்?

எப்பாவல பொஸ்பேற்று வழக்கில், 2000ஆம் ஆண்டில், உழவரும் விகாராதிபதியும் அரசாங்கத்தை எதிர்த்து உயர்நீதிமன்றத்தில் வென்றனர். நிலத்துக்கு மன்னன் காவலனேயன்றி உடைமைக்காரன் அல்லன், அது மக்களுக்கும் ஏனைய உயிர்களுக்கும் உரியது என்று மகிந்த தேரர் தேவநம்பிய தீசனுக்கு உரைத்ததாக வழங்கும் அறவுரையை அத்தீர்ப்பு நினைவூட்டியது. காவலன் குழியைக் காட்டிக் கணக்கு ஒப்புவிக்கலாகாது.

ஆகவே நாம் கேட்பவை நான்கு. வைப்புப் பணம் மீட்புச் செலவுக்குக் குறையாதிருக்க வேண்டும். பறிமுதலான பணம் அதே நிலத்திலே செலவாக வேண்டும். இரண்டு மாரிகள் கடந்தும் புல் நிலைத்த பின்னரே, ஊர் உழவரும் கால்நடை வைத்தியரும் வனசீவராசிகள் அதிகாரியும் ஒப்பமிட, அனுமதிக்காரன் விடுவிக்கப்பட வேண்டும். அனுமதி பற்றிய அறிவித்தல் சிங்களத்தோடு தமிழிலும் ஊர்தோறும் ஒட்டப்பட வேண்டும். தன் மொழியில் அறியாத ஒன்றை ஒருவன் ஆட்சேபிப்பது எங்ஙனம்?

வழக்கறிஞர்களே, பொறியியலாளர்களே, ஊருக்கு உங்கள் அறிவைத் தாருங்கள். உழவர்களே, உங்கள் ஊரின் திறந்த குழிகளை எண்ணிப் பட்டியலிட்டு, பிரதேச செயலாளரிடம் எழுத்தில் கொடுத்துப் பற்றுச்சீட்டுப் பெறுங்கள். வாய்முறைப்பாட்டைக் காற்று கொண்டுபோகும். எழுதியதற்கு அரசாங்கம் பதில் சொல்லியே தீரவேண்டும்.