கணையத்திற்கு ஓலை கொண்டு போவது யார்?

பெருங்காயம் தாளிக்கும் வாசனை கூடத்தை எட்டியதும் வாயில் நீர் ஊறுகிறதல்லவா? அது நரம்புகளின் வேலை. அன்னம் வயிற்றை அடையுமுன்பே இரைப்பைக்கும் நரம்பு வழியாக உத்தரவு போய், ஜீரண ரஸம் சுரக்கத் தொடங்கிவிடுகிறது. இதை நாய்களைக் கொண்டு ஐயமற நிரூபித்தவர் ருஷ்யப் பண்டிதர் பாவ்லோவ். (மணியோசைக்கு எச்சில் ஊறிய நாயின் கதையை மட்டுமே நம் பிள்ளைகள் அறிவார்கள். 1904-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததோ ஜீரண ஆராய்ச்சிக்கு!)

கணையத்தின் சங்கதி வேறு. இரைப்பையின் பின்னே மறைந்து கிடக்கும் இச்சுரப்பி தினந்தோறும் ஏறக்குறைய 1½ லிட்டர் ரஸத்தைச் சிறுகுடலில் சொரிகிறது. இரைப்பையிலிருந்து இறங்கும் அன்னத்தின் புளிப்பை முறிக்கும் க்ஷாரம் அதில் உண்டு. புளிப்பு வந்து சேர்ந்ததென்று கணையத்திற்கு அறிவிப்பது யார்? அதுவும் நரம்பே என்பது பாவ்லோவின் கொள்கை.

1902 ஜனவரியில் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரு ஆசிரியர்கள், மயக்க மருந்து கொடுத்த ஒரு நாயின் சிறுகுடலில் ஒரு பகுதிக்குச் செல்லும் நரம்புகளை அறுத்துவிட்டு, அதனுள் அமிலத்தை விட்டார்கள். கொள்கைப்படி கணையம் சுரக்கலாகாது; சுரந்தது! உடனே ஸ்டார்லிங் அக்குடலின் உட்சவ்வைச் சுரண்டி, மணலும் அமிலமும் சேர்த்து அரைத்து, வடிகட்டி, நாயின் ரத்தக் குழாயில் ஏற்றினார். மறுபடியும் ரஸம் பெருகிற்று. தூதன் ரத்தத்திலேயே பிரயாணம் செய்கிறான்! அப்பொருளுக்கு 'ஸெக்ரிடின்' என்று பெயரிட்டார்கள். இத்தகைய தூதுப் பொருள்கள் யாவற்றிற்கும் 'ஹார்மோன்' என்ற சொல்லை ஸ்டார்லிங் 1905-ல் வழங்கினார்.

பாவ்லோவ் தமது சோதனைச்சாலையிலேயே இதைத் திரும்பச் செய்யச் சொல்லி, கண்ணால் கண்டபின் ஒப்புக்கொண்டார். கணையத்தைத் தூண்டும் நரம்பும் உண்டென்று அவர் கண்டதோ இன்றும் நிலைத்திருக்கிறது.