பஞ்சுவுக்கும் தலைவாரணும்!

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி. மணி இரண்டு இருக்கும். கட்டிலுக்கு அடியில் 'க்ஹ்... க்ஹ்...' என்று ஒரு சத்தம். லைட்டைப் போட்டுப் பார்த்தால், எங்க பஞ்சு காலை மடக்கிக் கழுத்தை நீட்டி, வயிற்றை எக்கி எக்கி வாந்தி எடுக்கப் பார்க்கிறது. ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் நுரை, அவ்வளவுதான்.

பஞ்சு எங்க வீட்டுப் பெர்ஷியன் பூனை. நாத்தனார் குடும்பம் வெளிநாட்டுக்குப் போனபோது எங்களிடம் விட்டுப் போனாள். கூடவே ஒரு பை. அதில் இரண்டு கம்பிச் சீப்பு. "அண்ணி, தினம் வாரிவிடணும். இதை மட்டும் மறந்துடாதீங்க" என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

முதல் பத்து நாள் வாரினேன். அப்புறம் பெரியவளுக்குப் பரீட்சை, சின்னவனுக்குக் காய்ச்சல் என்று சீப்புப் பை பரணுக்குப் போய்விட்டது. பூனைதான் எந்நேரமும் நக்கி நக்கிச் சுத்தம் செய்துகொள்கிறதே, அதற்கு எதற்குச் சீப்பு என்று எனக்கு நானே ஒரு சமாதானம் வேறு!

சத்தம் கேட்டு அத்தை எழுந்து வந்தார். "சூடு பிடிச்சிருக்கும்மா. ஒரு ஸ்பூன் விளக்கெண்ணெய் ஊத்து, எல்லாம் சரியாயிடும்" என்றார். சின்ன வயசில் நமக்கெல்லாம் ஊற்றியதுதானே! இவர் பூனையைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, நான் வாயைத் திறந்து ஊற்றினேன். அது திமிறிய திமிறலில் பாதிக்கு மேல் என் புடவையில். மீதி எங்கே போனதோ, ஒரே இருமல்!

மறுநாள் பஞ்சு சாப்பாட்டுப் பக்கமே போகவில்லை. அது 'வெளிக்கு'ப் போகிற மண் பெட்டியும் காலி. இரண்டு நாள் பார்க்கலாம் என்றுதான் நான் இருந்தேன். பெரியவள் அழுது அடம்பிடித்ததால் ஆட்டோ பிடித்து மிருக வைத்தியரிடம் ஓடினோம்.

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, "வீட்டுல ஏதாவது ஊத்தினீங்களா?" என்பதுதான். சொன்னேன். முகம் மாறிவிட்டது. நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகுதான் பேசினார்.

"நல்ல வேளை, நெஞ்சு சுத்தமா இருக்கு. பலவந்தமா எண்ணெய் ஊத்தினா, வயித்துக்குப் போறதுக்குப் பதிலா நுரையீரலுக்குள்ள போயிடும்மா. நிமோனியா வந்துடும். முடி உருண்டையால சாகாத பூனை, எண்ணெயால செத்துடும்!"

எனக்குக் கைகால் நடுங்கிப் போச்சு.

ஸ்கேன் எடுத்தார்கள். ட்ரிப்ஸ் ஏற்றினார்கள், ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் காலை பஞ்சு கக்கியதைப் பார்க்கணுமே! உருண்டை என்று பேர்தான். விரலி மஞ்சள் கனத்தில், என் சுண்டுவிரல் நீளத்துக்கு, நனைந்த திரி மாதிரி முறுக்கிக்கொண்ட முடி! குடலுக்குப் போய் அடைத்திருந்தால் ஆபரேஷன்தானாம்.

இது எப்படி உண்டாகிறது? பூனையின் நாக்கைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும். அதில் உள்ள சின்னச் சின்ன முட்கள் எல்லாம் தொண்டையைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். நாக்கில் ஒட்டிய முடியைத் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். பெரும்பாலும் அது மலத்தோடு வெளியே வந்துவிடும். நீள முடிப் பூனைக்கு உள்ளே போவதும் அதிகம், தங்குவதும் அதிகம்.

"இவ்வளவு நீள முடி மனுஷங்க பார்த்துப் பார்த்து வளர்த்த ஜாதிக்குத்தான். அதனால வாரிவிடறதும் மனுஷங்க வேலைதான்" என்றார் டாக்டரம்மா. பெண்ணுக்குத் தினம் இரட்டைப் பின்னல் போடுகிற எனக்கு இது சுருக்கென்றது.

வாருவது எப்படி?

தினம் பத்து நிமிஷம் போதும். வயிறு நிறைந்து, சோம்பலாகப் படுத்திருக்கும் நேரம் பாருங்கள். முதலில் அகலப் பல் சீப்பு, பிறகு நெருக்கப் பல் சீப்பு. முடி படிந்திருக்கும் திசையிலேயே வாருங்கள். காதுக்குப் பின்னால், அக்குள், வயிறு, பின்தொடை, இங்கெல்லாம்தான் சடை விழும். சடையை நுனியிலிருந்து விரலால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியுங்கள். கத்திரிக்கோல் மட்டும் வேண்டாம். பூனையின் தோல் மெல்லியது, சடையோடு சேர்ந்து வந்து வெட்டுப்பட்டுவிடும். பிரியாத சடையை டாக்டரிடம் மெஷினில் எடுக்கச் சொல்லுங்கள். சீப்பில் வரும் ஒவ்வொரு கொத்தும் அதன் வயிற்றுக்குள் போகாமல் தப்பிய முடி என்று நினைத்துக்கொள்ளுங்கள், அலுப்பே தெரியாது.

தண்ணீரும் முக்கியம். வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் அகலக் கிண்ணத்தில் வையுங்கள். பாக்கெட் தீனி மட்டும் போடாமல், ஈரமான சாப்பாடும் கொடுங்கள். பால் தண்ணீருக்கு ஈடாகாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது பேதியைக் கிளப்பும். முடி வெளியேற ட்யூபில் ஒரு பசை விற்கிறார்கள். டாக்டர் சொன்ன அளவில் மட்டும் கொடுக்கலாம்.

திடீரென்று ஒரே இடத்தை நக்கிக்கொண்டே இருந்தால் தெள்ளுப்பூச்சியோ தோல் வியாதியோ இருக்கலாம். அதைக் கவனித்தாலே பாதித் தொல்லை தீரும்.

எப்போது பயப்பட வேண்டும்?

எப்போதாவது ஒரு உருண்டை வெளியே வந்தால் பயமில்லை. வாராவாரம் வந்தாலோ, எக்கி எக்கியும் ஒன்றும் வராமல் இருந்தாலோ, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தாலோ, மலம் போகாவிட்டாலோ, உடனே டாக்டரிடம் போங்கள். எக்குவது போல் தெரிவது சில சமயம் ஆஸ்துமா இருமலாகவும் இருக்கும். நாமாக முடிவு கட்டக் கூடாது.

பூக்கட்டுகிற சகோதரிகளுக்கு இன்னொன்று. நூல்கண்டைத் தரையில் போடாதீர்கள். பூனை விளையாடிக்கொண்டே விழுங்கிவிடும். வாயிலோ பின்பக்கத்திலோ நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது, குடலை அறுத்துவிடும். அப்படியே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இப்போதெல்லாம் பெண்ணுக்குப் பின்னி முடித்த கையோடு பஞ்சுவுக்கும் சீப்பு. ஒரு நாள் தவறினாலும் அத்தை விடுவதில்லை. "ஏம்மா, பஞ்சுவுக்குத் தலைவாரியாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் காபியே குடிக்கிறார். விளக்கெண்ணெய் பாட்டில் சாமி அலமாரிக்குப் போய்விட்டது, விளக்கேற்ற மட்டும்!

உங்க வீட்டிலும் பரண்மேல் ஒரு சீப்பு கிடக்கிறதா? இன்றைக்கே இறக்கிவிடுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம், வரட்டுமா?