பிள்ளையின் பங்குக்கு மட்டும் கடைசி வரிசையா?

"அது கல்முனைப் பக்கத்து முஸ்லிம்களின் பிரச்சினை. தோட்டச் சங்கத்துக்கு இதில் என்ன வேலை?" மாதர் கமிட்டியில் தாபரிப்புப் பேச்சை எடுத்தபோது தலைவர்மார் சிலர் இப்படித்தான் கேட்டார்கள்.

வேலை இருக்கிறது. எங்களில் சிலர் அந்தக் கரையோர ஊர்களில் இருந்து வந்து தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்கிறவர்கள். இரண்டு இடத்துப் பிள்ளைகளையும் வகுப்பில் பார்த்திருக்கிறோம். தகப்பன் வேறு குடும்பம் கட்டிக்கொண்டதும் முதல் குடும்பத்துப் பிள்ளைக்குக் கொப்பி வாங்கக் காசில்லாமல் போகிறதே, அது அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்.

மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று அந்தக் கரை முழுவதும் கல்யாணம் முடித்த ஆண் பெண்வீட்டில்தான் போய்க் குடியிருப்பான். வீடு பெண்ணுக்குச் சீதனமாக எழுதியது. நல்ல வழக்கம், புருஷன் விட்டுப்போனாலும் அவள் தெருவில் நிற்க வேண்டியதில்லை. (சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகள் பலவற்றை ஆண் பெயரில் எழுதி அதையும் கெடுத்தார்கள். அது வேறு கதை.) ஆனால் இந்த வழக்கத்தையே சாட்டாக வைத்துத் தப்புகிறவர்கள் இருக்கிறார்கள். "வீடு அவளிடம் இருக்கிறதே, பிறகென்ன?" என்கிறார்கள். அவரோ இரண்டாவது நிக்காஹ் முடித்து இன்னொருத்தியின் வீட்டில் வாடகையில்லாமல் ஏறிக்கொள்கிறார். வீட்டுச் சுவரைப் பிள்ளை தின்னுமா?

சட்டம் என்ன சொல்கிறது? 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி, மனைவி இருக்கும்போது இன்னொரு கல்யாணம் முடிக்க விரும்புகிறவர் 30 நாளைக்கு முன்பே காதிமாருக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். இருக்கிற பிள்ளைகளின் செலவுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்கும் ஒரு வரி அந்த அறிவித்தலுக்குள் இல்லை. மாடு விற்பதற்குக்கூட இதைவிட அதிகம் கேள்வி கேட்பார்கள்.

பிறகு தாய் தாபரிப்புக் கேட்டுக் காதி நீதிமன்றம் போகிறாள். அங்கே சட்டத்தரணி பேச முடியாது. காதியாக ஒரு பெண் இருக்கவும் சட்டம் விடாது. "இந்த மாதம் கடலில் பாடில்லை, அங்கேயும் இரண்டு பிள்ளை" என்று தகப்பன் சொன்னால், அதை உடைக்கச் சம்பளச் சீட்டு எதுவும் அவள் கையில் இல்லை. தொகை குறைகிறது. கட்டளை போட்டும் கட்டாமல் விட்டால், காதி எழுதி அனுப்ப, நீதவான் நீதிமன்றம் அதைக் குற்றப்பணம் போல அறவிட வேண்டும். அதற்குள் எத்தனை தவணை, எத்தனை பஸ் காசு!

இதை மார்க்கத்தின் பேரில் நியாயப்படுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான்கு வரை அனுமதித்த அதே வசனம்தான், நீதமாக நடக்க முடியாதென்று அஞ்சினால் ஒருத்தியோடு நில் என்றும் சொல்கிறது. அனுமதியை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு நிபந்தனையை விழுங்குவது எந்த மார்க்கம்? சட்டத்தைத் திருத்த 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு போட்டார்கள். அறிக்கை 2018இல்தான் கைக்கு வந்தது, அதுவும் இரண்டு பக்கமாகப் பிரிந்து. அந்த ஒன்பது வருடத்தில் முதலாம் வகுப்புப் பிள்ளை சாதாரண தரத்தை எட்டிப் பிடித்துவிட்டது.

இனி நம் லயத்துக்கு வருவோம். இங்கே இரண்டாம் கல்யாணத்துக்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஆனால் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவர் அங்கேயே ஒரு குடும்பம் வைத்துக்கொள்வதற்கும், பக்கத்து டிவிஷனில் இன்னொருத்தியோடு குடியிருப்பதற்கும் யாரும் சட்டம் பார்ப்பதில்லை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம், பிள்ளை கல்யாணத்துக்குள் பிறந்ததா வெளியே பிறந்ததா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. வசதியிருந்தும் பராமரிக்காத தாய் தகப்பன் யாராக இருந்தாலும் மாதாமாதம் கட்டச் சொல்ல நீதவானுக்கு அதிகாரம் உண்டு. சம்பளத்திலிருந்தே வெட்டிக் கொடுக்கும்படியும் கட்டளையிடலாம்.

கல்முனை மீனவனின் வருமானம் கடலோடு போகிறது. தோட்டத்தில் வேலை செய்கிறவரின் வருமானமோ செக்ரோலில் எழுதியிருக்கிறது. நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்த 2025இல் 25 பேருக்கு 33,750. அதில் சேமலாப நிதிக்கு 8 வீதம், 2,700 ரூபா, போனது. தீபாவளி முற்பணம் வெட்டுகிறார்கள். நம் சங்கச் சந்தாவும் அங்கேதான் வெட்டுப்படுகிறது. இதற்கெல்லாம் யாரும் "எனக்குப் புதுக் குடும்பம் இருக்கிறது, குறையுங்கள்" என்று சொல்வதில்லை. பிள்ளையின் பங்கு வரும்போது மட்டும் கை நடுங்குகிறது.

இரண்டாம் குடும்பத்துப் பிள்ளைகளும் பிள்ளைகள்தானே என்று கேட்பீர்கள். ஆமாம், அவர்கள் வயிற்றில் அடிக்க நாங்கள் சொல்லவில்லை. மூத்தவளுக்கு இவ்வளவு போகும் என்று தெரிந்துகொண்டுதான் அடுத்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தீர்கள். குறைத்துக்கொள்ள வேண்டியது உங்கள் சாராயத்தையும் போனையும்தான். இளைய பிள்ளையைக் காட்டி மூத்த பிள்ளையின் தட்டில் கைவைக்காதீர்கள்.

வழக்குக்குப் போகும் அங்கத்தவர் சிலர், "எனக்கு வேலை குறைவு என்று சங்கத்தால் ஒரு கடிதம் தாருங்கள்" என்று வந்து நிற்கிறார்கள். துரையிடம் சம்பளம் கூடக் கேட்க நம்மைக் கூப்பிடுகிறவர், பிள்ளையிடம் சம்பளத்தை ஒளிக்கவும் நம்மையே கூப்பிடுகிறார்! அந்தக் கடிதத்தை எந்தத் தோட்டத் தலைவரும் எழுதக் கூடாது. அதற்குப் பதிலாக, தாய் கேட்டால் செக்ரோல் விபரத்தை நீதிமன்றம் மூலம் அழைப்பிக்க மாதர் கமிட்டி துணைபோக வேண்டும். கரையோரத்துப் பெண்கள் காதிச் சட்டத்தைத் திருத்தக் கேட்கும் மகஜருக்கும் நம் சங்கம் கையெழுத்து வைக்க வேண்டும்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறோம். எதிர்க்கிற தோழர்கள் எதிர்க்கலாம். ஆனால் எழுந்து நின்று, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாய்மாரின் முகத்தைப் பார்த்துக் காரணம் சொல்லுங்கள்.