மாரி என்றால் யார்?

விடியற்காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் "மாரி" என்று ஒரு குரல் கூப்பிட்டால், கொழுந்துக் கூடையோடு நிற்கும் பெண்ணும் திரும்புவார், கவ்வாத்துக் கத்தியோடு நிற்கும் ஆணும் திரும்புவார். ஒருவர் மாரியம்மா, மற்றவர் மாரிமுத்து. லயத்தில் இருவருமே மாரிதான். காளியும் அப்படியே, மணியும் அப்படியே. வந்தானா வந்தாளா என்பதை வினைச்சொல் சொல்லிவிடுவதால் இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவைத் தோட்டங்களில் பெயருக்கு அந்தப் பாரம் இல்லை.

செல்வம் என்றால் ஆண், தனம் என்றால் பெண். இரண்டுக்கும் பொருள் ஒன்றே! பெயரின் பால் அகராதியில் இல்லை, அதை வைத்துக்கொண்டவர்களிடம் இருக்கிறது. வைத்துக்கொள்பவர்கள் மாறினால் அதுவும் மாறும். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதி 1898இல் இளவயதிலேயே மறைந்த ராஜம் ஐயர் ஆண். 1973இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற ராஜம் கிருஷ்ணன் பெண். இன்று ராஜம் என்றதும் பலருக்கு ஒரு பாட்டியின் முகம்தான் வரும்.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். ஷேர்லி முதலில் ஊர்ப்பெயர், பிறகு குடும்பப்பெயர். 1849இல் சார்லட் பிராண்டி தன் நாவலின் நாயகிக்கு அதைச் சூட்டினார். மகனை எதிர்பார்த்த பெற்றோர் மகளுக்கு வைத்த ஆண் பெயர் என்பது கதை. அதன் பிறகு இங்கிலாந்தில் அது பெண்கள் பெயராகவே ஆகிவிட்டது. இலங்கையிலோ 1967 முதல் 1970 வரை சபாநாயகராக இருந்தவர் ஷேர்லி கொரயா என்ற ஆண். ஒரே பெயர், கடல் கடந்ததும் வேறு பால்.

பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயத்தில், 1879இல் இறந்த புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரனின் கல்லறை இருக்கிறது. கேமரன் அவருடைய கணவரின் குலப்பெயர். பிற்காலத்தில் அது ஆண்களின் முதற்பெயராகி, இன்று பெண்களுக்கும் வைக்கப்படுகிறது. அந்தக் கல்லறையைப் பார்க்க வருபவர்களில் எத்தனை பேர் இதை நினைத்திருப்பார்கள்?

ஆகவே பெயரைப் பார்த்து ஆணா பெண்ணா என்று ஊகிப்பது தவறு. மலையகத்தில் அது பெருந்தவறு. தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளமும்தான். வேலை குறைந்தால் 'அரைப்பேர்'. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட குடும்பங்களுக்கு ஒவ்வொரு பத்திரத்தின் அருமையும் தெரியும். தேசிய அடையாள அட்டை எண்ணிலேயே பால் இருக்கிறது. ஜனவரி முதலாம் திகதி பிறந்த ஆணுக்கு நாள் எண் 001, பெண்ணுக்கு 500 கூட்டி 501. பிறப்புப் பதிவாளர் ஒருவர் "இது ஆம்பளைப் பேராச்சே" என்று தானே தீர்மானித்து எழுதிவிட்டால், அந்தப் பிழையைத் திருத்த ஒரு தாய் எத்தனை நாள் பேரை இழந்து டவுனுக்கு அலைய வேண்டும்?

பெயரையும் பாலையும் தனித்தனியாகக் கேட்டு, எழுதியதை உரக்க வாசித்துக் காட்ட ஒரு நிமிடம் போதும். லயத்திலிருந்து குழந்தையைத் தூக்கிவந்தவர் சரியா பிழையா என்று அங்கேயே சொல்லிவிடுவார்.