நகல் எடுத்தால் போதுமா?

எங்கள் திருவெண்ணெய்நல்லூரில் நடந்ததாகப் பெரியபுராணம் கூறும் ஓலை வழக்கை அறிவீர்கள். சுந்தரரின் திருமணத்துக்கு வந்த முதியவர் காட்டிய அடிமை ஓலையை அவர் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படியோலை, மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்கிறார் முதியவர். சபையார் சும்மா நம்பவில்லை. சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையுடன் கையெழுத்தை ஒப்பிட்ட பிறகே தீர்ப்புச் சொன்னார்கள்.

கணிப்பொறியில் நகல் எடுக்கும்போது நாம் இப்படி ஒப்பிடுகிறோமா?

2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் திருமணங்களை வீடியோ சி.டி.யில் பதிவு செய்தார்கள். உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கலாம். அதைப் பென் டிரைவில் நகலெடுக்கிறீர்கள். கோப்பின் அளவு சரியாக இருக்கிறது. ஆனால், அளவு சரி என்பதால் உள்ளடக்கமும் சரி என்று ஆகிவிடாது.

ஏன்? சி.டி.யில் தகவல் 2352 பைட் கொண்ட துண்டுகளாகப் பதிகிறது. சாதாரணக் கோப்புகள் உள்ள தகட்டில், ஒரு துண்டில் நம் தகவல் 2048 பைட்தான். பிழையைக் கண்டறிய 4 பைட், திருத்த 276 பைட் ஒதுக்கப்படுகின்றன. வீடியோ சி.டி.யிலோ படத்துக்கே 2324 பைட். அந்த 276 பைட் காவல் அங்கே இல்லை. படத்தில் சில புள்ளிகள் தவறினாலும் கண் பொறுத்துக்கொள்ளும். கணக்குக் கோப்பில் ஓர் இலக்கம் தவறினால் பொறுக்க முடியுமா?

எனவே கீறல் விழுந்த கோப்புத் தகட்டைப் படிக்க முடியாதபோது நகலெடுக்கும் நிரல் பெரும்பாலும் பிழை என்று சொல்லி நின்றுவிடும். வீடியோ தகட்டிலோ தவறான பைட்டுகள் சத்தமின்றி நகலில் சேர்ந்துவிடக்கூடும்.

இதற்கு வழி உண்டு. ஷா-256 என்னும் கணக்கீடு ஒரு கோப்பின் எல்லாப் பைட்டுகளையும் கொண்டு 64 குறிகள் உள்ள ஓர் அடையாளத்தைத் தரும். ஒரு பைட் மாறினாலும் அடையாளம் மாறிவிடும். கோப்புத் தகடானால் மூலத்தின் அடையாளத்தையும் நகலின் அடையாளத்தையும் ஒப்பிடுங்கள். வீடியோ தகடானால் இரண்டு முறை நகலெடுங்கள். இடையில் தகட்டை வெளியே எடுத்துவிடுங்கள். இரண்டு அடையாளங்களும் வேறுபட்டால் ஏதோ ஒரு நகலாவது பழுது. ஒத்திருந்தால் நம்பிக்கை கூடும். முழு நிரூபணம் ஆகாது.

நகலெடுக்கும் நிரல்கள் இந்த ஒப்பீட்டைத் தாமே செய்ய வேண்டும் என்பது என் கருத்து. வீட்டில் பதிவு செய்த தகடுகளின் சாயம் நாளடைவில் மங்குகிறது. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் சி.டி. செருகும் இடமே இல்லை. மூலம் படிக்கும் நிலையில் இருக்கும்போதே நகலைச் சோதித்துவிடுங்கள். மூலம் போன பிறகு எதனோடு ஒப்பிடுவீர்கள்?