டேங்க்கில் முகம் பார்க்க இருபதாயிரம்

சாயங்காலம் ஆறு மணிக்கு எர்ணாவூர் மேம்பாலத்தில் டூ வீலரில் போயிருக்கிறீர்களா? போகாவிட்டால் ஒரு நஷ்டமும் இல்லை. முன்னால் ஒரு டிரெய்லர், பின்னால் ஒரு டிரெய்லர், நடுவில் நீங்கள். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர்கள், எண்ணூர் விரைவுச் சாலையில் கேட் திறக்கக் காத்துக்கிடந்து வெறுத்துப்போன டிரைவர்கள், லாரியிலிருந்து சிந்திய மண், அது போதாதென்று கொஞ்சம் மழை. டிரெய்லர்காரருக்கு உங்களைத் தெரியவே தெரியாது. அவருடைய கண்ணாடியில் நீங்கள் ஒரு கொசு.

இந்தச் சாலையில்தான் என் அக்கா மகன் ஸ்போர்ட்ஸ் பைக் ஓட்டுகிறான். எர்ணாவூரில் வீடு, மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. விம்கோ நகருக்கு 2021-லேயே மெட்ரோ வந்துவிட்டதே, அதில் போயேன்டா என்றால், ‘மெட்ரோ மணலிக்குப் போகாது மாமா’ என்பான். நியாயம்தான். மணலிக்குப் போனாலும் இவன் போகமாட்டான், அது வேறு விஷயம்.

2021 கடைசியில் அவன் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டு வந்தான். யமஹா ஆர்15 நான்காம் தலைமுறை அப்போதுதான் வந்திருந்தது. செப்டம்பரில் அறிவித்த டெல்லி எக்ஸ் ஷோரூம் விலை இது: சிவப்பு 1,67,800 ரூபாய். வெள்ளி நிறத்தில் ‘எம்’ என்று ஒரு எழுத்து கூடுதலாகப் போட்டது 1,77,800. நடுவில் கறுப்பு ஒரு விலை, நீலம் ஒரு விலை.

“மாமா, பேஸ் மாடலா, டாப் மாடலா? பத்தாயிரம்தான் வித்தியாசம்.”

இந்த ‘தான்’ இருக்கிறதே, இதை வைத்துதான் ஷோரூம்கள் பிழைக்கின்றன.

சரி, அந்தப் பத்தாயிரத்துக்கு என்னடா தருகிறார்கள் என்று இரண்டு பேருமாக உட்கார்ந்து பார்த்தோம். என்ஜின் அதே 155 சிசி. பவர் அதே 18.4 பிஎஸ். முன் சக்கரம், பின் சக்கரம் இரண்டுக்கும் ஏ.பி.எஸ்., அதுவும் இரண்டு வண்டியிலும். வழுக்கினால் பின் சக்கரத்தை அடக்குகிற டிராக்‌ஷன் கன்ட்ரோலும் அப்படியே. அப்புறம் என்னதான் வித்தியாசம்? நிறம். கூடவே குவிக் ஷிஃப்டர் என்று ஒரு சாமான். கிளட்ச் பிடிக்காமலே கியரை மேலே ஏற்றலாம். கீழே இறக்க வழக்கம்போல கிளட்ச்தான்.

குவிக் ஷிஃப்டரை நான் கிண்டல் செய்யவில்லை. நல்ல என்ஜினீயரிங். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் நேர்கோட்டில் சீறுகிறவனுக்கு ஒரு நொடியின் துண்டு துணுக்கெல்லாம் காசு. எர்ணாவூர் மேம்பாலத்தில் டிரெய்லருக்குப் பின்னால் ஃபர்ஸ்ட் கியரில் ஊர்கிறவனுக்கு அது எதற்கு? அவன் இடது கை விரல்கள் நாள் முழுக்க கிளட்ச்சிலேயேதான் கிடக்கும். செகண்ட் கியர் போடுவதே திருவிழா.

இவ்வளவும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு போய் வெள்ளி நிற வண்டியை புக் பண்ணிவிட்டு வந்தான். கையில் காசு தீர்ந்துபோனதால் ஹெல்மெட் மட்டும் ரோட்டோரத்தில். 900 ரூபாய்.

கோபம் வந்தது. ஆனால் இதில் பையனை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்? பேஸ், டாப் என்று இரண்டு பெட்டி செய்து, எதை எந்தப் பெட்டியில் போடுவது என்று தீர்மானிக்கிறவர்கள் இருக்கிறார்களே, சண்டை அவர்களோடுதான். கொஞ்சம் நம்மோடும்.

2018 நவம்பரில் ராயல் என்ஃபீல்டு 650 சிசி வண்டிகள் இரண்டை இறக்கியது. இன்டர்செப்டர் சாதாரண நிறத்தில் இரண்டரை லட்சம். அதையே குரோம் டேங்க்கோடு வாங்கினால் 2 லட்சத்து 70 ஆயிரம். ரேஸ் வண்டி மாதிரிக் குனிந்து ஓட்டுகிற கான்டினென்டல் ஜிடி-யும் அப்படியே, 2.65-லிருந்து 2.85. அதே என்ஜின், அதே பிரேக், அதே இரட்டை ஏ.பி.எஸ். இருபதாயிரத்துக்கு என்ன கிடைக்கும் என்றால், டேங்க்கில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம்.

நிறத்தை நான் கேவலமாக நினைக்கிறவன் அல்ல. எர்ணாவூரிலிருந்து கூப்பிடு தூரத்தில், திருவொற்றியூரில்தான் 1956-ல் புல்லட் தொழிற்சாலை வந்தது. டேங்க்கின் விளிம்பில் அந்தத் தங்கக் கோட்டை, ஸ்கேல் இல்லாமல், பிரஷ்ஷைப் பிடித்து ஒரே மூச்சில் இழுக்கிற கை அந்தத் தொழிற்சாலையுடையது. அந்தக் கோட்டுக்குக் கூடக் காசு கேட்டால் கொடுக்கலாம். ஒரு மனிதனின் உழைப்பு அது. குரோம் பிடித்தவர் குரோம் வாங்கட்டும். இந்த விஷயத்தில் ராயல் என்ஃபீல்டு செய்தது நேர்மையான வியாபாரம் என்றுகூடச் சொல்வேன். பகட்டுக்குத் தனி விலை. பிரேக் எல்லோருக்கும் ஒன்று.

என் சண்டை பிரேக்கையே டாப் மாடல் பெட்டியில் போட்டவர்களோடு.

ஏ.பி.எஸ். என்பது ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. சக்கரத்தோடு சுற்றுகிற ஒரு பல் வளையம், அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு சென்சார். பயந்துபோய் நீங்கள் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கிறீர்கள், சக்கரம் சுற்றாமல் ஜாம் ஆகப்போகிறது என்றால், கண்ணிமைக்கும் நேரத்தில் அழுத்தத்தை விட்டுப் பிடிக்கும், விட்டுப் பிடிக்கும். சக்கரம் சுற்றிக்கொண்டே வேகம் குறையும். வண்டியும் உங்கள் பேச்சைக் கேட்கும். முன் சக்கரம் ஜாம் ஆகிவிட்டால் கேட்காது, தரையில் போட்டுவிடும். பிஎம்டபிள்யூ கே100 பைக்கில் 1988-லேயே இது வந்துவிட்டது. நம் ஊரில் டிவிஎஸ் அப்பாச்சி 180-லும் ஹோண்டா சிபிஆர்250ஆர்-லும் வருவதற்கு 2011 ஆனது. வந்ததே, சந்தோஷம். எப்படி வந்தது? சிபிஆரில் ஏ.பி.எஸ். வேண்டுமென்றால் சுமார் 25 ஆயிரம் கூடுதல். 2015-ல் பல்சர் ஆர்எஸ்200 வந்தபோது ஏ.பி.எஸ். இல்லாமல் ஒரு விலை, ஏ.பி.எஸ்.ஸோடு ஒரு விலை, நடுவில் சுமார் 12 ஆயிரம். அதாவது, வேகமாகப் போகிற உரிமை பேஸ் மாடல்காரருக்கும் உண்டு. ஒழுங்காக நிற்கிற உரிமை பிரீமியம்காரருக்கு மட்டும்!

வேகம் இரண்டிலும் ஒன்றுதானே ஐயா?

எங்கள் அக்கா வீட்டுத் தெருவில் இன்னொரு பையன் இருந்தான். அவனுடைய அப்பா ஹார்பரில் கூலி வேலை பார்த்தவர். ஏ.பி.எஸ். கட்டாயம் ஆவதற்கு முன்னால் மகனுக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கிக் கொடுத்தார். பேஸ் மாடல். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. ஒரு ராத்திரி எக்ஸ்பிரஸ் ரோட்டில், விளக்கில்லாமல் ஓரமாக நின்ற டிரெய்லரைக் கடைசி நேரத்தில் பார்த்திருக்கிறான். பிரேக்கைப் பிடித்தான், முன் வீல் ஜாம், வண்டியோடு வழுக்கிக்கொண்டு போய் டிரெய்லரின் அடியில். ஸ்டான்லியில் மூன்று நாள் இருந்தான்.

துக்கம் கேட்கப் போனபோது அவர் சொன்னார்: “அந்த ஏபிஎஸ்ஸோ என்னமோ, அதுக்குக் கூட கேட்டாங்க தம்பி. வூட்ல கம்மல் அடகுல கெடந்துச்சு. அத மீட்டுட்டேன்.”

ஏ.பி.எஸ். இருந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். விளக்கில்லாத டிரெய்லர், இருட்டு, வேகம் எல்லாம் சேர்ந்தது அது. ரோட்டில் சிந்திய மண்ணில் ஏ.பி.எஸ். மாயம் எதுவும் செய்யாது, வழுவழுவென்று தேய்ந்த டயரிலும் செய்யாது. ஆனால் அந்த மனிதர் ஆயுசு பூராவும் ஒரு ஜோடிக் கம்மலைப் பார்த்துப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டுமே, அந்தக் கணக்கை அவர் கையில் கொடுத்தது யார்? இரண்டில் எது வேண்டும் என்று ஒரு தகப்பனிடம் கேட்டிருக்கவே கூடாத கேள்வி அது.

அந்தக் கேள்வியை நிறுத்தியது எந்தக் கம்பெனியின் மனசாட்சியும் அல்ல, சட்டம். 125 சிசிக்கு மேலே உள்ள புது மாடல்களுக்கு 2018 ஏப்ரல் 1 முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2019 ஏப்ரல் 1 முதலும் ஏ.பி.எஸ். கட்டாயம் என்றது மத்திய அரசு. நம்முடைய ஆர்15-ன் மூன்றாம் தலைமுறை இங்கே எப்போது வந்தது தெரியுமா? 2018 பிப்ரவரி. ஏ.பி.எஸ். இல்லாமல்! இரண்டு மாதம் கழித்து வந்திருந்தால் போட்டே ஆகவேண்டும். 2019-ல் கெடு நெருங்கியதும் இரண்டு சக்கரத்துக்குமே போட்டார்கள். போட முடிந்தது, பாருங்கள்.

சட்டம் வந்தும் ஒரு ஓட்டை மிச்சம் இருந்தது. ஒரு சக்கரத்துக்குப் போட்டாலே சட்டப்படி போதும். உடனே ‘சிங்கிள் சேனல்’, ‘டூயல் சேனல்’ என்று பழைய பேஸும் டாப்பும் புதுப் பெயரில் வந்துவிட்டன. 2022-ல் பல்சர் என்160 வந்தபோது சிங்கிள் சேனல் 1,22,854 ரூபாய், டூயல் சேனல் 1,27,853. ஐயாயிரத்துக்கு ஒரு ரூபாய் குறைச்சல். பின் சக்கரத்தின் விலை அது. இதில் இன்னொரு வேடிக்கை: சிங்கிள் சேனலில் மூன்று நிறம் வைத்திருந்தார்கள், டூயலில் கறுப்பு மட்டும். கலர் வேண்டுமென்றால் ஒரு சக்கரத்தை விட்டுக்கொடு!

அந்த 2022-ல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அதில் டூ வீலரில் போனவர்கள் 74,897. பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு. 2025 ஜூனில் எல்லா டூ வீலருக்கும் ஏ.பி.எஸ். என்று ஒரு வரைவு அறிவிக்கை வந்தபோது, ஐயையோ விலை ஏறிவிடுமே என்று கவலைப்பட்டார்கள். ஏறத்தான் செய்யும். குரோமுக்கு ஏறியபோது யாரும் வாய் திறந்த மாதிரி ஞாபகம் இல்லை.

இப்போது உங்களிடம் வருகிறேன். நீங்களும் லேசுப்பட்டவர் இல்லை. டிஸ்க் எதற்கு, டிரம் போதாதா என்று பேரம் பேசுவீர்கள். அதே நீங்கள் ஸ்டிக்கருக்கு மூவாயிரம் எடுத்து வைப்பீர்கள். சைலன்சரை மாற்றித் தெருவையே எழுப்புவீர்கள். 2007-ல் அரசாங்கம் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது, 2015-ல் ஹைகோர்ட் உத்தரவு போட்டது, இன்றைக்கும் அது உங்கள் முழங்கையில்தான் தொங்குகிறது. முழங்கைக்குள் மூளை வைத்திருப்பவர்கள் நாம்தான் போலிருக்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஒரு லட்சத்துக்கு மேல் விலையுள்ள டூ வீலருக்கு ஆயுள் வரி 12 சதவீதம். பத்தாயிரம் கூடக் கொடுத்து நிறம் வாங்கினால் அந்த நிறத்துக்கு 1,200 ரூபாய் வரி. கடனில் வாங்கினால் வட்டி. மழையில் நனைந்தபடி மூன்று வருஷம் இ.எம்.ஐ. கட்டுகிற பெயின்ட்!

வெள்ளி வண்டிக்காரன் கதையை முடிக்கவில்லையே. 2022 மழைக்காலத்தில் அதே எர்ணாவூர் மேம்பால இறக்கத்தில் முன்னால் போன டிரெய்லர் திடீரென்று நின்றுவிட்டது. இவன் இரண்டு பிரேக்கையும் மொத்தமாகப் பிடித்துவிட்டான். “லிவர் டகடகடகன்னு ஆடிச்சு மாமா. வண்டி நேரா போய் நின்னுச்சு. ஒரு முழம்கூட இருக்காது.” சொல்லும்போதே குரல் நடுங்கியது.

“டேய், அந்த டகடக சிவப்பு வண்டியிலும் இருந்ததாடா?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. “இருந்துச்சு.”

அடுத்த மாதமே 900 ரூபாய் ஹெல்மெட் குப்பைக்குப் போய், ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு முகம் முழுக்க மூடுகிற மாதிரி நல்லது ஒன்று வந்தது. அக்கா பின்னால் உட்காருவதற்கும் ஒன்று.

இப்போது அவன் தம்பிக்கு பைக் வேண்டுமாம். ஷோரூமில் பேஸ் மாடல் ஸ்டாக் இல்லை, ஆறு வாரம் ஆகும், டாப் மாடல் நாளைக்கே எடுக்கலாம் என்றார்களாம். எப்போதுமே இல்லாமல் போவது பேஸ் மாடல்தான், கவனித்திருக்கிறீர்களா? 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரைக்கும் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 ஆகக் குறைந்ததே, அந்த மிச்சத்தில் டாப்புக்கே போய்விடலாம் சார் என்று சேல்ஸ் பையன் கணக்கும் போட்டுக் காட்டியிருக்கிறான்.

இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. பெரியவன்தான் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய், “ரெண்டு வண்டிக்கும் பிரேக் ஒண்ணா? ஏ.பி.எஸ். ரெண்டு சக்கரத்துக்கும் இருக்கா? டயர் ஒரே டயரா? எழுதிக் குடுங்க” என்று நின்றிருக்கிறான். எல்லாம் ஒன்றுதான் என்று தெரிந்ததும் விலை குறைந்த சிவப்புக்கு புக்கிங். ஆறு வாரம் காத்திருக்கிறார்கள். மிச்சமான காசில் ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை மூன்றும் வண்டிக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டன. தம்பிக்காரன் அதை மாட்டிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்து டிவி பார்க்கிறானாம்.

நேற்று அக்கா போன் பண்ணினாள். குரலில் ஏகப்பட்ட வருத்தம்.

“ஏண்டா, பெரியவனுக்கு மட்டும் வெள்ளி, சின்னவனுக்கு சிவப்பா? நாலு பேரு என்னடா நெனப்பாங்க?”