முந்தி வருவோர்க்கு முன்வாசல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பிரபல கலாசாலைகளில் 30-க்கு மேற்பட்டவற்றின்மீது 2025 ஆகஸ்டு மாதத்தில் மாஸச்சூஸெட்ஸ் சமஷ்டிக் கோர்ட்டில் ஒரு வழக்குத் தொடரப்பட்டது. வாதிகள் மாணாக்கரும் படித்து வெளியேறியவரும் ஆவர். ‘முன்முடிவு’ என்ற பெயரால் அக்கலாசாலைகள் நடத்திவரும் பிரவேச முறை, போட்டியை ஒழித்துச் சம்பளத்தை உயர்த்தும் கூட்டு ஏற்பாடு என்பது அவர்கள் பிராது. எஞ்ஜினீயரிங் படிப்புக்காகக் கடல் கடக்க விரும்பும் இளைஞருடைய வீடுகளில், ஐப்பசி பிறந்தால் இந்த முறையைப் பற்றியே பேச்சு. ஆதலின் இதனைச் சிறிது விசாரிப்பது அவசியமெனக் கருதுகிறோம்.

முறை யாதெனில், சாதாரண விண்ணப்பங்களுக்குப் புது வருஷத்தை ஒட்டிக் கெடு. முந்தி விண்ணப்பிப்போர்க்குப் பெரும்பாலும் நவம்பர் 1-ந் தேதி. டிசம்பர் மத்தியில் பதில் வந்துவிடும். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், இடம் கிடைத்தாலும் சேரவேண்டிய கட்டாயமில்லை. மற்றொன்றில், இடம் கிடைத்தால் வேறிடம் நாடுவதில்லை என்று மாணாக்கனும் பெற்றோரும் பள்ளி ஆலோசகரும் முன்னரே கையொப்பமிட வேண்டும். வழக்கிற்கு இலக்கானது இந்த இரண்டாம் வகையே.

‘முந்தினால் இடம் நிச்சயமா?’ என்பதே எல்லோருடைய கேள்வியும். எம்.ஐ.டி. எனப்படும் மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கலாசாலையை எடுத்துக்கொள்வோம். (குரோம்பேட்டையிலுள்ள நம் எம்.ஐ.டி.யை நாம் சொல்லவில்லை.) 2023 டிசம்பரில் அங்கு முந்தி விண்ணப்பித்தோர் 12,563 பேர், இடம் பெற்றோர் 661 பேர். அதாவது ஏறக்குறைய 19 பேருக்கு ஒருவர். அவ்வருஷம் இரு கெடுக்களையும் சேர்த்துப் பார்த்தால் சுமார் 22 பேருக்கு ஒருவர். வித்தியாசம் இவ்வளவே! காரணம் வெளிப்படை. அக்கலாசாலை மாணாக்கனை ஒப்பந்தத்தால் கட்டுவதில்லை. பழைய மாணாக்கரின் பிள்ளை என்பதற்காகச் சலுகை காட்டுவதுமில்லை.

கட்டுப்படுத்தும் கலாசாலைகளிலோ முந்தினவர் விகிதம் சில இடங்களில் இரு மடங்கு, மும்மடங்கு. இதைக் கண்டு மயங்கலாகாது. விளையாட்டுக்காக முன்னரே பொறுக்கி எடுக்கப்பட்டவரும், பழைய மாணாக்கரின் மக்களும், தனவந்தர் வீட்டுப் பிள்ளைகளும் அக்கூட்டத்தில் நிரம்பியிருக்கின்றனர். எனினும் அநுகூலம் முழுவதும் மாயை என்று தள்ளுவதும் தவறு. ஆவெரி, ஃபேர்பாங்க்ஸ், ஸெக்ஹௌஸர் என்ற மூவர் 2003-இல் வெளியிட்ட நூலில், தகுதி ஒத்தவர்களையே ஒப்பிட்டுப் பார்த்தும், முந்துவதால் விளையும் நன்மை எஸ்.ஏ.டி. பரீட்சையில் ஏறக்குறைய 100 மார்க்கு கூடுதலாகப் பெறுவதற்குச் சமம் எனக் கண்டனர். ஆகவே அநுகூலம் மெய்யே. அது யாருக்கு என்பதே கேள்வி. விலை கேளாமல் கையொப்பமிடக் கூடியவனுக்கு! உதவித்தொகை எங்கு அதிகம் என்று நான்கு கலாசாலைகளை ஒப்பிட்டுப் பார்த்தாலன்றிச் சேர முடியாத ஏழைக்கு அந்த 100 மார்க்கு இல்லை. வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு, கிரயத் தொகை எழுதாத பத்திரத்தில் ஒருவன் ஒப்பமிடுவதைக் காணவே கூசுகிறது.

நம் இளைஞர் மற்றொன்றும் அறியவேண்டும். பத்திரிகைகளில் வரும் விகிதம் எல்லா வரிசைகளையும் ஒன்றாய்க் கலந்த கணக்கு. நம் பையன் நிற்பதோ வெளிநாட்டார் வரிசை. ஜார்ஜியா தொழில்நுட்பக் கலாசாலையில் முந்துவோரிலேயே அந்த ராஜ்யத்தாருக்கு ஒரு கெடு, மற்றோருக்கு வேறு கெடு. வெளிநாட்டு மாணாக்கன் உதவி கேட்டால், அதையே அவனுக்கு எதிராக எண்ணும் கலாசாலைகள் பல, எம்.ஐ.டி. போல அதைப் பாராத கலாசாலைகள் மிகச் சில.

இம்முறையின் குறை அவர்களுக்கே தெரியாததன்று. 2006-இல் ஹார்வர்டும், சில நாட்களில் பிரின்ஸ்டனும், முந்திய பிரவேசம் வசதியுள்ளோர்க்கே உதவுகிறதென்று அதனைக் கைவிட்டன. மற்றக் கலாசாலைகள் பெரும்பாலும் பின்தொடரவில்லை. ஐந்து வருஷம் பொறுத்து, 2011-இல் இரண்டும் அதைத் திரும்பக் கொண்டுவந்தன; கட்டுப்பாட்டை மட்டும் சேர்க்கவில்லை. தனியே நல்லவனாயிருப்பதில் நஷ்டம் என்று கண்டார்கள் போலும்.

கூட்டு ஏற்பாடு என்பது ருஜுவாகுமா என்பதைக் கோர்ட்டார் பார்த்துக்கொள்ளட்டும். உதவி போதாவிடில் ஒப்பந்தத்திலிருந்து விடுபடலாம் என்று கலாசாலைகள் சமாதானம் சொல்வதுண்டு. ஆனால் போதுமா போதாதா என்று தீர்மானிக்கும்போது ஒப்பிட வேறு கடிதம் பையன் கையில் இராது. மற்ற இடங்களின் கெடுவோ நெருங்கிவிடும். செலவை முன்கூட்டிக் கணக்கிட்டுக் காட்டும் கருவியைக் கலாசாலைகள் தத்தம் இணையத்தளத்தில் வைக்கவேண்டுமென்று அங்கு 2011 முதல் சட்டம் இருக்கிறது. அது பெரும்பாலும் அந்நாட்டுக் குடும்பங்களை உத்தேசித்தது. ஆகையால் நம் தகப்பனார்கள் அதை நம்பியிராமல், உதவித்தொகை உத்தேசமாக எவ்வளவு என்று கலாசாலைக்கே எழுதி, எழுத்து மூலம் பதில் வாங்கிய பின்னரே பேனாவை எடுக்கவேண்டும். பதில் வராவிடில், கட்டாயமில்லாத முதல் வகைக் கலாசாலைகளுக்கு மட்டும் முந்தி விண்ணப்பித்துவிட்டு, மற்றவற்றுக்குச் சாதாரணக் கெடுவில் அனுப்பலாம்.